ஊசிக்கு மிரண்ட மலை! பிணத்தை விரட்டிய பட்டணம்!

கொரோனா பீதியில் மக்கள் மனசும் நர்சுகள் மனசும் பட்ட பாடு

ஜமுனாமரத்தூர்,

கொரோனா கிருமி நெஞ்சைத் தாக்கியது. அது எல்லோருக்கும் தெரியும். மனசை எப்படித் தாக்கியது? அந்தப் பீதிக்கு என்ன வைத்தியம்? இது தெரிய வேண்டும் என்றால் ஜவ்வாது மலைக்கு ஏற வேண்டும்.

“மலைக்காரன் படிக்காதவன். அதனால் பயப்பட்டான்” என்று பட்டணத்தில் பலர் சொல்கிறார்கள். அது சரிதானா?

3 மாவட்ட மலை

போளூரில் இருந்து பஸ் ஏறினால் ஜமுனாமரத்தூர் வரும். திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய 3 மாவட்டங்களில் ஜவ்வாது மலை பரந்து கிடக்கிறது. வானத்தை ஆராயும் பெரிய டெலஸ்கோப் இருக்கும் காவலூர் இந்த மலையில்தான் இருக்கிறது.

இங்கே வாழ்கிறவர்கள் மலையாளிகள். கேரளக்காரர்கள் என்று நினைத்து விடாதீர்கள். மலையில் வாழ்வதால் அந்தப் பெயர். பேசுவது தமிழ். சாமை விளைச்சல், புளி, தேன் இவைதான் பிழைப்பு. பிழைப்பு போதாதவர்கள் வெளியூர் வேலைக்குப் போகிறார்கள்.

சமவெளியில் 5 ஆயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது அரசாங்கக் கணக்கு. மலையில் 3 ஆயிரம் பேருக்கு ஒன்று. கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். ஆனால் இங்கே 10 வீடு ஒரு சரிவில், 20 வீடு அடுத்த மேட்டில். நடுவே காடு, ஓடை. அத்தனையும் ஏறி இறங்க வேண்டியவர் கிராம சுகாதார நர்சு!

ஏன் மிரண்டார்கள்?

2021-ம் ஆண்டு கொரோனா தடுப்பு ஊசி வந்தது. ஜனவரி 16-ந்தேதி முதலில் டாக்டர்கள், நர்சுகளுக்குப் போட்டார்கள். மார்ச்சில் முதியவர்களுக்கு. மே மாதம் 18 வயது ஆனவர்களுக்கு எல்லாம் என்று அறிவித்தார்கள். மலையிலோ தயக்கம். “ஊசியா? வேணாம்மா, நாங்க நல்லாத்தானே இருக்கோம்!” என்ற பேச்சு.

இது ஜவ்வாது மலையில் மட்டும் நடந்தது அல்ல. அதே மே மாதம் உத்தரப்பிரதேசத்தில் பாராபங்கி மாவட்டத்து கிராமம் ஒன்றில், ஊசி போட வந்தவர்களைக் கண்டதும் சிலர் சரயு ஆற்றில் குதித்தே விட்டார்கள்!

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை.

ஒன்று, ஜுரம். ஊசி போட்டால் பலருக்கு ஒரு நாள், இரண்டு நாள் காய்ச்சலும் உடம்பு வலியும் வரும். உடம்பு நோயை எதிர்க்கப் பழகுகிறது என்பது அதன் அர்த்தம். ஆனால் இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால்? “நல்லா இருந்த ஆளு ஊசி போட்டதும் படுத்துட்டான்” என்று ஊர் முழுக்கப் பேச்சு பரவும். தினக்கூலிக்குப் போகிறவனுக்கு 2 நாள் படுக்கை என்றால் 2 நாள் சம்பளம் போச்சு.

இரண்டாவது, வதந்தி. “ஊசி போட்டவர்கள் எல்லோரும் 2 வருஷத்தில் செத்துப் போவார்கள்” என்று 2021 மே மாதம் நாடு முழுக்க வாட்ஸ்அப்பில் ஒரு புரளி ஓடியது. மத்திய அரசு மறுத்தது. ஆனால் புரளி ஓடிய வேகத்துக்கு மறுப்பு ஓடவில்லை.

மூன்றாவது, ஜீப். சர்க்கார் வண்டி வந்தால் நல்லது நடக்கும் என்ற நம்பிக்கை மலையில் எல்லோருக்கும் இருக்க முடியுமா? 2015-ம் ஆண்டு ஏப்ரல் 7-ந்தேதி சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி 20 தமிழர்களை ஆந்திர போலீசார் சுட்டுக் கொன்றார்கள். செத்தவர்களில் ஜவ்வாது மலைக்காரர்களும் உண்டு. காக்கி உடையையும் ஜீப்பையும் கண்டால் மிரளும் மனசு, ஊசிப் பெட்டியோடு வரும் ஜீப்பை மட்டும் வேறு கண்ணால் பார்க்குமா?

படித்தவர்கள் என்ன செய்தார்கள்?

பட்டணத்துக்கு வருவோம். 2021 ஏப்ரல் 15-ந்தேதி நடிகர் விவேக் சென்னையில் ஊசி போட்டுக்கொண்டார். “எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள்” என்றும் கேட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு. 17-ந்தேதி மரணம். இதய ரத்தக்குழாய் அடைப்புதான் காரணம் என்று டாக்டர்கள் சொன்னார்கள். மத்திய நிபுணர் குழுவும் ஆராய்ந்து, ஊசி காரணம் அல்ல என்று சொன்னது. ஆனாலும் சென்னையில் இருந்து குக்கிராமம் வரை மனசில் விழுந்த பயம் லேசில் போகவில்லை. ஆபீசு குமாஸ்தாவும் தயங்கினார். கடைக்காரரும் தயங்கினார்.

அதற்கும் ஒரு வருஷம் முன்பு நடந்தது இன்னும் கொடுமை.

2020 ஏப்ரல் 19-ந்தேதி சென்னையில் நரம்பியல் அறுவை நிபுணர் டாக்டர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவுக்குப் பலியானார். உடலை அடக்கம் செய்ய கீழ்ப்பாக்கம் கல்லறைக்குக் கொண்டு போனார்கள். அங்கே எதிர்ப்பு என்று தெரிந்து வேலங்காடு சுடுகாட்டுக்குப் போனார்கள். அங்கே ஒரு கும்பல் கல்லாலும் கட்டையாலும் தாக்கியது. ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கு ரத்தக் காயம்!

கடைசியில் அவருடைய நண்பர் டாக்டர் பிரதீப்குமார் நள்ளிரவில் போலீஸ் காவலோடு திரும்பி வந்தார். ஆஸ்பத்திரி ஊழியர்கள் இருவர் துணையோடு, தன் கையாலேயே மண்ணைத் தள்ளி நண்பரை அடக்கம் செய்தார்.

கல் எறிந்தது மலைக்காடு அல்ல. தலைநகரம்! புதைத்த உடலில் இருந்து நோய் பரவாது என்று டாக்டர்கள் தலைப்பாடாக அடித்துக்கொண்டும் பயம் காது கொடுக்கவில்லை.

அதற்கு ஒரு மாதம் முன்புதான், மார்ச் 22-ந்தேதி மாலை 5 மணிக்கு, டாக்டர்களுக்காக ஊரே கை தட்டியது. அதை நினைத்தால் வேதனைதான்.

அந்த வாரமே மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டு வந்தது. சுகாதார ஊழியரைத் தாக்கினால் 3 மாதம் முதல் 5 ஆண்டு வரை ஜெயில். அடக்கத்தைத் தடுத்தால் 3 ஆண்டு வரை ஜெயில் என்று தமிழக அரசும் சட்டம் போட்டது.

நர்சு மனசுக்கு யார் மருந்து?

சட்டம் கல்லைத் தடுக்கும். ஊழியரின் மனசை ஆற்றுமா?

வெளியே போனால், “நீ நோயைக் கொண்டு வர்றே” என்று ஊர் பார்க்கிறது. வீட்டுக்கு வந்தால், பெற்ற பிள்ளையைத் தொட பயம். வாடகை வீட்டில் இருப்பவருக்கு வீட்டுக்காரர் என்ன சொல்வாரோ என்ற கவலை. கவச உடைக்குள் வியர்வை வெள்ளம். மணிக்கணக்கில் தண்ணீர் குடிக்க முடியாது.

சீனாவில் 2020 தொடக்கத்தில் 34 ஆஸ்பத்திரிகளைச் சேர்ந்த 1,257 டாக்டர், நர்சுகளிடம் ஓர் ஆய்வு நடத்தினார்கள். 100-க்கு 50 பேரிடம் மனச்சோர்வு அறிகுறி. சுமார் 45 பேரிடம் பதற்றம். 34 பேரிடம் தூக்கமின்மை அறிகுறி! உலகம் முழுவதும் முதல் ஆண்டிலேயே பதற்றமும் மனச்சோர்வும் 25 சதவீதம் கூடியதாக உலக சுகாதார நிறுவனம் 2022-ல் அறிவித்தது.

இவர்கள் கோழைகள் அல்ல. தூக்கம் போனவர்கள்தான் மறுநாள் காலை மறுபடியும் டியூட்டிக்குப் போனார்கள்.

பயம் எப்படிப் போகும்?

அதட்டினால் போகுமா? போகாது. 1897-ல் புனாவில் பிளேக் நோய். வெள்ளைக்கார அதிகாரி ராண்ட், பட்டாளத்தை வீடு வீடாக நுழைய விட்டு நோயாளிகளைத் தேடினார். மக்கள் கொதித்தார்கள். ஜூன் 22-ந்தேதி அவரையே சுட்டு விட்டார்கள். நோயை விட, வந்த விதம்தான் மக்களை அதிகம் மிரட்டியது.

நம் ஊரில் வேறு ஒரு பழக்கமும் இருந்தது. அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை செருகுவார்கள். அதைப் பார்த்ததும் வெளியாள் உள்ளே போக மாட்டான். ஆனால் படுத்திருப்பவரை யாரும் திட்ட மாட்டார்கள். “ஆத்தா வந்திருக்கா” என்று சொல்லி, குளிரக் குளிரப் பார்த்துக்கொள்வார்கள். விலகி இருப்பது உண்டு, விரட்டுவது இல்லை. பெரியம்மை இந்தியாவில் 1975-ம் ஆண்டோடு ஒழிந்தது, ஊசியால்தான். ஆனால் நோயாளியை அவமானப்படுத்தாமல் தள்ளி வைக்கும் அந்தப் பழக்கத்தை கொரோனா காலத்தில் நாம் மறந்து விட்டோம்.

மனசுக்கு முதல் உதவி செய்ய உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வழி மூன்றே சொல்தான். பார், கேள், சேர்த்துவிடு. யார் தவிக்கிறார் என்று பார். குறுக்கே பேசாமல் கேள். தேவையான உதவியோடு சேர்த்துவிடு.

மலையில் இதைச் செய்யக்கூடியவர் யார்? பிரசவம் பார்த்த நர்சம்மா! குழந்தைக்குப் போலியோ சொட்டு மருந்து ஊற்றியவர். அவர் திண்ணையில் உட்கார்ந்து, “ஜுரம் வரும், ஒரு நாள் இருக்கும், மாத்திரை தர்றேன். நானும் போட்டுக்கிட்டேன், பாரு நல்லாத்தானே இருக்கேன்” என்று சொன்னால், ஒலிபெருக்கியால் ஆகாதது ஆகும். ஊர்க் கவுண்டர் முதலில் கை நீட்டினால் பின்னால் வரிசை நிற்கும்.

தமிழ்நாட்டில் பயம் தணிந்ததற்குக் கணக்கு உண்டு. 2021 செப்டம்பர் 12-ந்தேதி நடந்த மெகா முகாமில் 20 லட்சம் பேருக்கு ஊசி போடத் திட்டம். போட்டுக்கொண்டவர்கள் 28 லட்சத்துக்கும் மேல்!

அடுத்த முறை

கொரோனா அவசர நிலை முடிந்ததாக 2023 மே 5-ந்தேதி உலக சுகாதார நிறுவனம் அறிவித்து விட்டது. நோய் அடங்கியது. அடுத்த கொள்ளைநோய் வராது என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை.

மனக்கஷ்டத்துக்கு 2022 அக்டோபரில் இருந்து 14416 என்ற இலவச டெலிபோன் எண் இருக்கிறது. இரவு, பகல் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். டாக்டரும் நர்சும்கூடப் பேசலாம். ஆனால் சிக்னல் கிடைக்காத மலைச் சரிவில் தனியாக வேலை பார்க்கும் நர்சுக்கு டெலிபோன் மட்டும் போதாது. மாற்று ஆள் வேண்டும். ஓய்வு நாள் வேண்டும். “இன்னிக்கு எப்படி இருக்கே?” என்று கேட்க மேலதிகாரி வேண்டும்.

பஸ்சில் இதைப் படிக்கும் உங்களுக்கும் வேலை இருக்கிறது. பக்கத்து வீட்டில் ஒரு நர்சு குடி இருந்தால், நோய்க்காலத்தில் கதவைச் சாத்தாதீர்கள். பத்தடி தள்ளி நின்றே, “சாப்பிட்டியாம்மா?” என்று கேளுங்கள். செல்போனில் வரும் புரளியை அடுத்தவருக்குத் தள்ளும் முன், உங்களுக்குத் தெரிந்த டாக்டர் ஒருவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.