கணக்கு வகுப்பில் இருந்து ஆம்புலன்சுக்கு!

பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடக்கிறது. ஆசிரியர் பலகையில் எழுதிக்கொண்டு இருக்கிறார். திடீரென்று ஒரு மாணவியிடம் உள்ள சிறிய ரேடியோ கரகரக்கிறது. மார்பு வலியால் துடிக்கும் ஒரு முதியவரின் விலாசம் அதில் வருகிறது.

மாணவி எழுந்து ஓடுகிறாள். ஆசிரியர் தடுக்கவில்லை. "எங்கே போகிறாய்?" என்று கேட்கவும் இல்லை!

இது சினிமாவில் வரும் காட்சி அல்ல. அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் டேரியன் என்று ஓர் ஊர் இருக்கிறது. நியூயார்க்கில் இருந்து ஏறக்குறைய 60 கிலோ மீட்டர் தூரம். ஜனத்தொகை சுமார் 20 ஆயிரம். பெரிய நெடுஞ்சாலை ஊரைக் கிழித்துக்கொண்டு போகிறது. விபத்துகளுக்குக் கேட்கவா வேண்டும்? அந்த ஊரின் ஆம்புலன்ஸ் சேவையை நடத்துகிறவர்கள் உயர்நிலைப்பள்ளி மாணவ, மாணவிகள்!

"போஸ்ட் 53" என்பது அதன் பெயர். 1970-ம் ஆண்டில் பட் டோபிள் என்பவர் இதைத் தொடங்கினார். சாரணர் இயக்கத்தின் கிளையாகப் பிறந்தது. இரவு, பகல், பண்டிகை நாள் என்று பாராமல் 24 மணி நேரமும் வேலை. ஆண்டுக்கு ஆயிரம் அழைப்புகளுக்கு மேல் வருகின்றன. நோயாளியிடம் ஒரு காசு வாங்குவது இல்லை. ஊரார் கொடுக்கும் நன்கொடையில்தான் வண்டி ஓடுகிறது.

"சின்னப் பிள்ளைகளை நம்பி உயிரை ஒப்படைப்பதா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 14, 15 வயதில் சேருகிற பிள்ளையை யாரும் நோயாளியின் பக்கத்தில் விடுவது இல்லை. ரேடியோ கேட்பது, சாமான்களை எண்ணி வைப்பது, வண்டியைத் துடைப்பது என்றுதான் வேலை தொடங்கும். பிறகு ஏறக்குறைய 150 மணி நேரப் பயிற்சி. அதன் முடிவில் பெரியவர்கள் எழுதுகிற அதே பரீட்சை. அந்த மாநிலத்தில் 16 வயதில் அவசர மருத்துவ உதவியாளராகச் சான்றிதழ் பெறச் சட்டம் இடம் கொடுக்கிறது. வண்டியில் பெரியவர் ஒருவரும் கூடவே வருவார். நோய் கடுமையாக இருந்தால், கூடுதல் பயிற்சி பெற்றவர்கள் வந்து சேர்ந்துகொள்வார்கள்.

பிண வண்டியே ஆம்புலன்ஸ்!

தொண்டர்கள் ஆம்புலன்ஸ் நடத்துவது அமெரிக்காவில் புதிது அல்ல. வர்ஜீனியா மாநிலத்தில் ரோனோக் என்ற ஊர். 1909-ம் ஆண்டில் அங்கே ஆற்றில் படகு கவிழ்ந்து இரண்டு பேர் மூழ்கினார்கள். கரையில் கூட்டம் நின்றது. எப்படிக் காப்பாற்றுவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அதைக் கண்ணால் பார்த்தான் 9 வயதுச் சிறுவன் ஜூலியன் வைஸ். அந்தக் காட்சி அவன் மனதை விட்டுப் போகவே இல்லை. 1928-ல், ரெயில்வேயில் தன்னோடு வேலை பார்த்த 9 பேரைச் சேர்த்துக்கொண்டு உயிர் காக்கும் தொண்டர் படையை அமைத்தார்.

ஆனால் மற்ற ஊர்களின் நிலைமை? அமெரிக்காவே ஆனாலும் அன்று பரிதாபம்தான். 1960-ம் ஆண்டுகளில் அந்த நாட்டு ஆம்புலன்ஸ்களில் ஏறக்குறைய பாதியை நடத்தியவர்கள் சவ அடக்கம் செய்யும் கடைக்காரர்கள்! படுக்க வைத்துக் கொண்டுபோக நீளமான வண்டி அவர்களிடம்தான் இருந்தது. 1965-ம் ஆண்டில் மட்டும் விபத்துகளில் 1 லட்சத்து 7 ஆயிரம் பேர் மாண்டார்கள். அடுத்த ஆண்டில் வெளியான ஓர் அறிக்கை இதை எல்லாம் போட்டு உடைத்தது. அதற்குப் பிறகே ஆம்புலன்சில் போகிறவர்களுக்கு முறையான பயிற்சி வந்தது.

விலா எலும்பு நொறுங்கும் சத்தம்

16 வயதுப் பிள்ளை எதைச் செய்யக் கற்றுக்கொள்கிறது? ரத்தத்தை அழுத்தி நிறுத்துவது, ஒடிந்த காலை மட்டை வைத்துக் கட்டுவது, பிராணவாயு கொடுப்பது. எல்லாவற்றையும்விடக் கடினமானது, நின்றுபோன இருதயத்துக்காக மார்பை அழுத்துவது. 1960-ல் பால்டிமோர் நகர ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட முறை இது. நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும். பூப்போல அழுத்தினால் பலன் இல்லை. கிழவர்களுக்கு விலா எலும்பு முறிவதும் உண்டு. கைக்குக் கீழே அந்தச் சத்தம் கேட்கும். கேட்டாலும் நிறுத்தக் கூடாது!

அப்படி அழுத்தியும் எத்தனை பேர் பிழைக்கிறார்கள்? ஆஸ்பத்திரிக்கு வெளியே இருதயம் நின்றவர்களில், அமெரிக்காவில் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில்தான் உயிரோடு வீடு திரும்புகிறார்கள். பொம்மையின் மீது பழகிய பிள்ளைக்கு இந்தக் கணக்கை யாராவது சொல்லித்தான் தீரவேண்டும். சொன்னாலும், முதல் சாவை நேரில் பார்க்கும்போது அது உதவாது.

அமெரிக்காவில் டாக்டர் ஆவது நீண்ட பயணம். பள்ளிக்கூடம் முடிந்து கல்லூரியில் 4 ஆண்டு. அப்புறம் நுழைவுப் பரீட்சை. அதன் பிறகு மருத்துவக் கல்லூரியில் 4 ஆண்டு. அதற்குமேல் ஆஸ்பத்திரிப் பயிற்சி. "எனக்கு ரத்தத்தைக் கண்டால் மயக்கம் வருமா?" என்பது இத்தனை செலவுக்கு அப்புறம் தெரிந்தால் என்ன ஆவது? ஆகவே டாக்டர் கனவு உள்ள பிள்ளைகள் நாடு முழுவதும் ஆம்புலன்ஸ் தொண்டுக்கு வருகிறார்கள். நோயாளிகளோடு பழகிய அனுபவம் உண்டா என்று மருத்துவக் கல்லூரிகளும் பார்க்கின்றன.

விண்ணப்பத்தில் ஒரு வரி சேர்ப்பதற்காக வருகிறவர்களும் இருக்கத்தான் செய்வார்கள். இருக்கட்டுமே! நடு இரவில் வாந்தி எடுக்கும் பாட்டியைத் தாங்கிப் பிடிக்கிறபோது, விண்ணப்பம் யாருக்கு ஞாபகம் இருக்கும்? சிலர் இதைப் பார்த்துவிட்டு, "டாக்டர் வேலை எனக்குச் சரிப்படாது" என்று விலகிக்கொள்வதும் உண்டு. அதுவும் நல்லதுதான்.

வீட்டில்கூடச் சொல்லக் கூடாது

சின்ன ஊரில் இன்னொரு சங்கடம். தூக்குக் கட்டிலில் படுத்திருப்பவர் அடுத்த பெஞ்சில் உட்காரும் தோழியின் அப்பாவாக இருக்கலாம். குடித்துவிட்டுக் காரை மரத்தில் மோதியவன், தன்னோடு பந்து விளையாடுகிறவனாக இருக்கலாம். நோயாளியைப் பற்றி வெளியே பேசச் சட்டம் அனுமதிப்பது இல்லை. அம்மாவிடம்கூடச் சொல்லக் கூடாது. மற்றப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கதை கதையாகப் பேசுவார்கள். உள்ளது உள்ளபடி தெரிந்தவள் வாயை மூடிக்கொண்டு இருப்பாள்.

ஆஸ்பத்திரியில் நோயாளியை ஒப்படைத்தாயிற்று. வேலை அத்தோடு முடியவில்லை. கட்டிலைக் கழுவ வேண்டும். புது விரிப்புப் போட வேண்டும். செலவான பஞ்சையும் துணியையும் நிரப்ப வேண்டும். எத்தனை மணிக்குப் போனோம், நாடி எவ்வளவு, என்ன செய்தோம் என்று ஒன்று விடாமல் எழுத வேண்டும். எல்லாம் முடித்துவிட்டு மாணவி பள்ளிக்கூடத்துக்குத் திரும்புகிறாள். கணக்கு வகுப்பு முடிந்து, சரித்திர வகுப்பு பாதியில் இருக்கிறது. நோட்டைத் திறந்து, பக்கத்தில் இருப்பவளைப் பார்த்து எழுதத் தொடங்குகிறாள். ரேடியோ பக்கத்திலேயே இருக்கிறது.