காட்டுக்குள்ளே டென்ட் போடலாமா அம்மா?

எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள், பிறந்தநாளுக்கு எல்லோரும் கொடுத்த காசைச் சேர்த்து வாங்கியது ஒரு டென்ட். இரண்டு பேர் படுக்கலாம். பிரித்தால் தானாக நின்றுகொள்ளும். சிறுசேரியில் எங்கள் ஃபிளாட்டின் ஹாலில் அதை விரித்தாள். சோபாவையும் டி.வி.யையும் காணோம். ஜன்னலுக்கு வெளியே ஐ.டி. பார்க் விளக்குகள்.

"இங்க படுத்தா என்ன த்ரில்? காட்டுல போய்ப் போடணும்மா. நீயும் நானும் மட்டும்."

எனக்குச் சட்டென்று நினைவுக்கு வந்தது குரங்கணி. 2018 மார்ச் 11. மகளிர் தினத்தை ஒட்டி சென்னையிலிருந்து தேனி மாவட்டத்துக்கு மலையேறப் போன குழுவில் பெண்கள்தான் அதிகம். ஐ.டி. வேலையில் இருந்தவர்கள் பலர். காய்ந்த புல்லில் பிடித்த தீ, அவர்களையும் திருப்பூர், ஈரோடு பக்கமிருந்து வந்த இன்னொரு குழுவையும் சூழ்ந்துகொண்டது. 20 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அந்த வாரம் எங்கள் ஆபீஸ் கேன்டீனில் வேறு பேச்சே இல்லை.

மாமியாருக்குப் பயம் வேறு. "வயசுக்கு வந்த பொண்ணும்மா. தேதி வேற கிட்ட வருது. அந்த வாடைக்கு மிருகம் வந்துடும்."

நான் விசாரிக்க ஆரம்பித்தேன். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். நினைத்த இடத்தில் டென்ட் போடுவதெல்லாம் நடக்காது. குரங்கணிக்குப் பிறகு, 2018-லேயே மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்துவிட்டன. 2024 அக்டோபரில் அரசே 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைத் திறந்தது. இணையத்தில் பதிவு செய்தால் அந்தந்த ஊர்க்காரர்களே வழிகாட்டியாக வருகிறார்கள். நம் பக்கத்தில் திருவள்ளூர் மாவட்டத்து குடியம் குகைகள் இருக்கிறது, ஒரே நாளில் போய்த் திரும்பலாம். ஆனால் இவளுக்கு ராத்திரி வேண்டுமே!

தனியார் விடுதிகளின் 'காட்டு கேம்பிங்' விளம்பரங்கள் போனில் வந்து கொட்டின. அவற்றைத் தள்ளிவிட்டேன். 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில், தனியார் விடுதி ஒன்றின் டென்ட்டில் தங்கியிருந்த இளம்பெண் யானை தாக்கி இறந்த செய்தியை நான் மறக்கவில்லை. அழகான படங்களைப் பார்த்து ஏமாறாதீர்கள். யார் அனுமதி கொடுத்தது என்று கேளுங்கள்.

கடைசியில் முடிவானது டாப்ஸ்லிப். ஆனைமலை புலிகள் காப்பகத்துக்குள் வனத்துறையின் தங்கும் விடுதி, இரண்டு நாள். அரையாண்டு விடுமுறையில் கிளம்பினோம். ஆட்டோக்காரரிடம் கிளாம்பாக்கம் என்றால் கேளம்பாக்கத்தில் இறக்கப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் இது தினசரிக் கூத்து! ஒருவழியாக கிளாம்பாக்கம் போய், ராத்திரி பஸ் பிடித்து, காலையில் பொள்ளாச்சி. அங்கிருந்து சேத்துமடை செக்போஸ்ட் தாண்டி மலை ஏறினால் டாப்ஸ்லிப்.

வெள்ளைக்காரன் காலத்தில் வெட்டிய தேக்கு மரங்களை இந்த உச்சியிலிருந்துதான் கீழே சறுக்கி விட்டார்களாம். பெயர் அப்படி வந்தது. மொட்டையான காட்டை மீண்டும் வளர்த்தவர் ஹியூகோ உட் என்ற வன அதிகாரி. நடக்கும்போதெல்லாம் கைத்தடியால் குழி குத்தித் தேக்கு விதை போடுவாராம். 1933-ல் இறந்த அவருடைய கல்லறை அந்த மரங்களுக்கு நடுவிலேயே இருக்கிறது. புல்வெளியில் புள்ளிமான்கள் ஆட்டுமந்தை மாதிரி மேய்ந்துகொண்டிருந்தன. மகள் போட்டோ எடுத்து எடுத்து ஓய்ந்துபோனாள்.

சாயங்காலம் பாத்ரூமிலிருந்து குரல். "அம்மா... வந்துடுச்சு."

நான்கு நாள் முன்னதாகவே. நாப்கின் கொண்டு போயிருந்தேன், அது பிரச்னை இல்லை. அவள் முகம்தான் சரியில்லை. "பாட்டி சொன்ன மாதிரி ஆயிடுமா? நாளைக்கு நான் வரலம்மா, ரூம்லயே இருக்கேன்."

கிளம்புமுன் இதற்காகவே கொஞ்சம் படித்து வைத்திருந்தேன். இந்தப் பயம் நம் பாட்டிகளுடையது மட்டுமில்லை. 1967-ல் அமெரிக்காவின் கிளேசியர் தேசியப் பூங்காவில், ஒரே இரவில் வெவ்வேறு இடங்களில் இரண்டு இளம்பெண்களைக் கரடிகள் கொன்றன. மாதவிடாய் வாடைதான் காரணம் என்று பேச்சு பரவி, பெண்களை எச்சரிக்கும் அளவுக்குப் போனது. அந்தக் கரடிகள் அதற்கு முன்பே மனிதர்களின் மிச்சம் மீதி சாப்பாட்டுக்குப் பழகியிருந்தன. பின்னாளில் யெல்லோஸ்டோன் பூங்காவில் நடந்த தாக்குதல்களை ஆராய்ந்தபோதும், மாதவிடாய்க்கும் கரடி தாக்குவதற்கும் தொடர்பு இருப்பதாகச் சான்று கிடைக்கவில்லை. கதையை முழுவதும் கேட்டாள். "அப்போ பிஸ்கட் பாக்கெட்டைத்தான் மூடி வைக்கணும்" என்று எழுந்து போய் மூடினாள்.

டென்ட்? வெளியே போட அனுமதி இல்லை என்று முன்பே சொல்லியிருந்தும் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். கட்டிலைத் தள்ளிவிட்டு அறைக்குள்ளேயே விரித்தோம். இடுப்பு வலிக்கு அவளுக்கு வெந்நீர்ப் பை. தரையில் படுத்த என் முதுகுக்கு ஒன்றும் இல்லை. நடுராத்திரி ஜன்னலுக்கு வெளியே உர், உர் என்று சத்தம். காட்டுப்பன்றி. டார்ச் போடாதே என்று சைகை காட்டினேன். என் கையைப் பிடித்தவள் விடியும்வரை விடவில்லை. அவள் என்னை ஒட்டிப் படுத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

காலையில் வழிகாட்டித் தம்பி வந்தார், காட்டிலேயே பிறந்து வளர்ந்த பழங்குடிப் பிள்ளை. வந்ததும் மூக்கைச் சுளித்தார். "அக்கா, சென்ட் போட்டிருக்கீங்களா? அது வேணாம், கழுவிட்டு வாங்க." வாடைப் பிரச்னை என்னால்தான்! மகள் சிரித்த சிரிப்பில் அவளுடைய வயிற்று வலியே போயிருக்கும்.

நடையில் கருமந்தியைப் பார்த்தோம், மலை அணிலைப் பார்த்தோம். யானையைப் பார்க்கவில்லை, அதன் சாணத்தைப் பார்த்தோம். ஆவி பறந்தால் பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம், வந்த வழியே திரும்ப வேண்டும். இது ஆறிப்போன சாணம். ஓரிடத்தில் புல்லும் சருகும் செதுக்கி, மண் தெரிய ஒரு பட்டை ஓடியது. தீத்தடுப்புக் கோடு. பிப்ரவரி, மார்ச்சில் தீ வந்தால் இதைத் தாண்டக் கூடாது என்பதற்காக.

"தீ வந்தா எந்தப் பக்கம் ஓடணும்ணா?" என்று மகள் கேட்டாள்.

"மேலே மட்டும் ஓடாதம்மா. தீ சரிவுல ஏறும்போதுதான் வேகம். பக்கவாட்டுல, புல்லு இல்லாத பாறையோ, வெறும் மண்ணோ பார்த்துப் போகணும். அதைவிட, அந்த மாசத்துல வராம இருக்கணும்."

நான் அந்தக் கோட்டின் அருகிலேயே கொஞ்ச நேரம் நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் கேட்ட முதல் கேள்வி, "ஒண்ணும் ஆகலியே?"

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள். "அங்கேயே தேதி வந்துடுச்சு பாட்டி. மிருகமும் வந்துச்சு. பன்னி. அது அம்மாவோட சென்ட்டுக்கு வந்தது."