நட்சத்திரங்களுக்குப் பின்னால்

இணையத்தில் ஐம்பதாயிரம் ரூபாய்க்குக் கைக்கடிகாரம் வாங்க எண்ணுபவர், விற்பனையாளரின் பெயருக்கு அருகே மின்னும் நட்சத்திரங்களை நம்பியே முடிவெடுக்கிறார். அவை எந்தப் பொருளுக்காகக் கிடைத்தவை என்று பார்ப்பவர் குறைவு.

பொருளின் தரம் விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. இந்த ஏற்றத்தாழ்வு சந்தையையே சீர்குலைக்கக்கூடும் என்பதைப் பழைய கார் விற்பனையைக் கொண்டு 1970-இல் விளக்கியவர், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அகெர்லாஃப். வாடிக்கையாளர் மதிப்புரைகள் இந்தக் குறையைப் போக்க வந்தவை. ஆனால், செலவின்றி எழுதக்கூடிய மதிப்புரையைப் பொய்யாக எழுதவும் செலவில்லை. 2014-இல் வெளியான ஓர் ஆய்வு, பணம் கட்டித் தங்கியவர் மட்டுமே எழுதக்கூடிய எக்ஸ்பீடியா தளத்தையும், எவரும் எழுதக்கூடிய டிரிப்அட்வைசர் தளத்தையும் ஒப்பிட்டது. அருகிலேயே போட்டி விடுதி இருந்தால், இரண்டாவது தளத்தில் வசைகள் கூடுதலாக இருந்தன.

எனவே, வாங்கியவர்தான் எழுதினார் என்ற உறுதி தேவை. அது மட்டும் போதாது. இருநூறு ரூபாய்க் கைப்பேசி உறைகளை விற்று நற்பெயர் சேர்த்த ஒருவர் திடீரென ஸ்விஸ் கடிகாரம் விற்கத் தொடங்கலாம். அவர் பெற்ற பாராட்டுகள் அனைத்தும் உண்மையானவை. கடிகாரத்துக்கு மட்டும் பொருந்தாதவை. ஒரே வாரத்தில் குவிந்த பாராட்டுகளையும், எந்தப் பொருளுக்கும் பொருந்தும் ‘அருமை, விரைவாக வந்தது’ போன்ற வரிகளையும் நான் கணக்கில் கொள்வதில்லை. மூன்று நட்சத்திரம் தந்தவர்களையே முதலில் படிக்கிறேன். புகழவும் இகழவும் கூலி கிடைக்கும்; நடுநிலைக்கு யார் கூலி தருவார்?

ஆடம்பரப் பொருள்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. நேர்மையாக எழுதியவரே ஏமாந்திருக்கலாம். நேர்த்தியான போலியைப் பெட்டி பிரித்த அன்றே மனமாரப் பாராட்டியிருப்பார். நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட பழுதுநீக்கு மையத்தில் வரிசை எண்ணைச் சரிபார்த்தபின் எழுதிய ஒருவரின் சொல், இத்தகைய நூறு பாராட்டுகளைவிட மேலானது.

இந்திய தர நிர்ணய அமைவனம் 2022-இல் இணைய மதிப்புரைகளுக்கென ஐஎஸ் 19000 என்ற தரநிலையை வெளியிட்டது. தளங்கள் விரும்பினால் பின்பற்றலாம் என்றே அது அறிமுகமானது. அமெரிக்காவிலோ, போலி மதிப்புரைகளை வாங்குவோர், விற்போர் மீது அபராதம் கோர வழிசெய்யும் விதி 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. இங்கும் அத்தகைய கட்டாயம் வேண்டும் என்பதே என் கருத்து. ஏமாந்தவர்கள், பொருளைப் பிரிக்கும்போது எடுத்த காணொளியையும் ரசீதையும் வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைத்துப் புகாரைப் பதிவு செய்யலாம்.