59 நாள் அசட்டை! ஆஸ்பத்திரிகள் முடங்கின!

கம்ப்யூட்டர் 'அப்டேட்': உடனே செய்வதா, தள்ளிப் போடுவதா?

2017-ம் ஆண்டு மே மாதம் 12-ந் தேதி, வெள்ளிக்கிழமை.

இங்கிலாந்து நாட்டு ஆஸ்பத்திரிகளில் ஒரே பரபரப்பு! டாக்டர்கள் கம்ப்யூட்டரைத் திறந்தார்கள். நோயாளியின் விவரம் வரவில்லை. அதற்குப் பதிலாக, சிவப்பு நிறத்தில் ஒரு மிரட்டல் அறிவிப்பு வந்து நின்றது!

கம்ப்யூட்டரில் உள்ள எல்லாவற்றையும் பூட்டிவிட்டோம்; 300 டாலர் கொடுத்தால் திறப்போம்; 3 நாள் தாண்டினால் தொகை இரண்டு மடங்கு; 7 நாள் தாண்டினால் எல்லாமே போய்விடும். இதுதான் அந்த அறிவிப்பின் சாரம்.

டாக்டர்களும் நர்சுகளும் காகிதத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டார்கள். அவசர சிகிச்சைக்கு வந்தவர்களை 5 இடங்களில் வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்ப நேரிட்டது. ஆபரேஷன், டாக்டரைப் பார்க்கும் நேரம் என்று 19 ஆயிரத்துக்கும் அதிகமானவை ரத்தாகி இருக்கும் என்று பின்னர் கணக்கிட்டார்கள். நஷ்டம் 9 கோடியே 20 லட்சம் பவுன் என்று அந்நாட்டு சுகாதாரத் துறை மதிப்பிட்டது.

இந்த வைரசின் பெயர் 'வானாகிரை'. சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கு மேற்பட்ட கம்ப்யூட்டர்களை அது பிடித்துக்கொண்டது. நமக்குப் பக்கத்தில், ஆந்திராவில், போலீஸ் இலாகாவின் கம்ப்யூட்டர்கள் கூடத் தப்பவில்லை.

திருடன் வந்த வழி

ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஒரு காரியஸ்தர் உண்டு. எந்த வேலையை எப்போது செய்வது, எந்தப் பொருளை எங்கே வைப்பது, யாரை உள்ளே விடுவது என்று எல்லாவற்றையும் கவனிப்பவர் அவர்தான். இதைத்தான் 'ஆபரேட்டிங் சிஸ்டம்' என்கிறார்கள். 'விண்டோஸ்' என்பது அப்படி ஒன்று. செல்போனில் உள்ள 'ஆண்ட்ராய்டு'ம் அப்படித்தான்.

இதை எழுதுவது மனிதர்கள். கோடிக்கணக்கான வரிகள் எழுதும்போது பிழை வராமல் இருக்குமா? அந்தப் பிழைகளில் சில, சுவரில் விட்ட ஓட்டை போல ஆகிவிடுகின்றன. அந்த ஓட்டையை அடைக்கத் தயாரித்தவர்கள் அனுப்பும் பூச்சுதான் 'அப்டேட்'.

வானாகிரை நுழைந்த ஓட்டை முன்பே தெரிந்த ஓட்டை! அதை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் கம்பெனி 2017 மார்ச் 14-ந் தேதியே வெளியிட்டுவிட்டது. ஏப்ரல் 14-ந் தேதி, அந்த ஓட்டை வழியாக நுழையும் வித்தையை ஒரு மர்மக் கூட்டம் ஊரறிய இணையத்தில் போட்டது. அந்த வித்தை அமெரிக்க அரசின் உளவு அமைப்பிடமிருந்து திருடப்பட்டது என்று மைக்ரோசாப்ட் கம்பெனியின் தலைவர் பிராட் ஸ்மித் பகிரங்கமாகக் குறை கூறினார். மே 12-ந் தேதி கொள்ளை நடந்தது.

ஆக, மருந்து கைக்கு வந்து 59 நாள் ஆகியிருந்தது. சாப்பிட்டவர்கள் தப்பினார்கள். மறந்தவர்கள் மாட்டினார்கள்!

நல்ல வேளையாக, மார்க்கஸ் ஹட்சின்ஸ் என்ற 22 வயது இங்கிலாந்து வாலிபர் அந்த வைரசை ஆராய்ந்தார். அது ஒரு விசித்திரமான இணைய முகவரியைத் தேடுவதைக் கவனித்தார். யாருக்கும் சொந்தமில்லாத அந்த முகவரியைத் தன் பெயரில் பதிவு செய்தார். அவரே எதிர்பார்க்கவில்லை, வைரஸ் பரவுவது நின்றுவிட்டது!

அப்டேட்டும் கெடுக்குமா?

"இவ்வளவு சுலபமான காரியத்தை ஏன் செய்யவில்லை?" என்று கேட்கலாம். எல்லாம் சோம்பேறித்தனம் அல்ல. ஓடுகிற இயந்திரத்தில் கை வைத்தால் நின்றுவிடுமோ என்ற பயமும் ஒரு காரணம். ஸ்கேன் எடுக்கும் பெரிய இயந்திரங்களுக்குள்ளும் பழைய விண்டோஸ் இருந்தது. அவற்றை ஆஸ்பத்திரிக்காரர்கள் தாங்களாகத் தொட முடியாது. இயந்திரத்தை விற்றவர்தான் வரவேண்டும்.

இந்தப் பயம் வீண் பயமா? இல்லை!

2018-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி விண்டோஸ்-10-க்கு ஒரு பெரிய அப்டேட் வந்தது. அதைப் போட்ட சிலருக்குப் பேரிடி! சேர்த்து வைத்திருந்த படங்களும் கடிதங்களும் கணக்குகளும் மாயமாய் மறைந்தன. சில நாளில் மைக்ரோசாப்ட் அந்த அப்டேட்டை நிறுத்தி வைத்தது. குறையைச் சரிசெய்து, நவம்பர் 13-ந் தேதிதான் மறுபடி வெளியிட்டது.

2024-ம் ஆண்டு ஜூலை 19-ந் தேதி நடந்ததோ இன்னும் பெரிது. கம்ப்யூட்டருக்குக் காவல் நிற்கும் சாப்ட்வேர் ஒன்றுக்கு, அதைத் தயாரித்த 'கிரவுட்ஸ்டிரைக்' என்ற கம்பெனி ஓர் அப்டேட் அனுப்பியது. அதில் பிழை. 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையைக் காட்டி நின்றன. விமானங்கள் ரத்தாயின. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணிகளுக்குப் பேனாவால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். தவறான அப்டேட்டை 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றார்கள். ஆனாலும், நின்றுபோன கம்ப்யூட்டர்களில் பலவற்றுக்கு ஆட்கள் நேரில் போய், ஒவ்வொன்றாகச் சரிசெய்ய வேண்டி வந்தது.

எது பெரிய அபாயம்?

இரண்டு பக்கமும் அபாயம் இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

அப்டேட் கெட்டால், கெடுத்தவர் யார் என்று தெரியும். பிழையைத் திருத்த வேண்டியது அவர் பொறுப்பு. திருடனுக்கோ விலாசம் கிடையாது. பணம் கொடுத்தாலும் பொருள் திரும்பும் என்று நிச்சயம் இல்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. அப்டேட் வெளியான உடனே, அதைப் பிரித்துப் பார்த்துப் பழைய ஓட்டை எங்கே என்று திருடர்கள் கண்டுகொள்கிறார்கள். அடைக்காத வீடுகளைத் தேடிப் புறப்படுகிறார்கள். ஆகவே ஒவ்வொரு நாள் தாமதமும் அபாயத்தைக் கூட்டுகிறது.

சரி, இரண்டு அபாயத்துக்கும் ஒரே மருந்து உண்டா? உண்டு! அதுதான் நகல். 2018-ல் நகல் வைத்திருந்தவர்கள் இழந்ததை மீட்டுக்கொண்டார்கள். வைரஸ் பூட்டினாலும், நகல் வெளியே பத்திரமாக இருந்தால், திருடனுக்கு ஒரு காசு கொடுக்க வேண்டியதில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது

* குழந்தைகளின் படம், கடைக் கணக்கு, பத்திரங்களின் பிரதி ஆகியவற்றை ஒரு தனி ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுங்கள். எடுத்ததும் கழற்றி வையுங்கள். மாட்டியபடியே விட்டால், வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்!

* அப்டேட்டில் இரண்டு வகை உண்டு. ஓட்டை அடைப்பது ஒன்று. விண்டோசுக்கு இது மாதந்தோறும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வரும். இதைத் தாமதிக்க வேண்டாம்.

* புதிய வசதிகளோடு வரும் பெரிய மாறுதல் மற்றொன்று. இதற்கு அவசரம் இல்லை. சில வாரம் பொறுத்து, மற்றவர்களுக்கு எப்படி இருக்கிறது என்று பார்த்துப் போடலாம்.

* வேலை நடுவில் ஆரம்பிக்காதீர்கள். கடை மூடிய பிறகு, வேலை முடிந்த பிறகு செய்யுங்கள். பாதியில் மின்சாரம் போகாதபடி, லேப்டாப் என்றால் சார்ஜரை மாட்டி வையுங்கள்.

* 'அப்டேட் செய்ய இதை அழுத்துங்கள்' என்று செல்போனில் வரும் குறுஞ்செய்தியை நம்பாதீர்கள். அது திருடனின் தூண்டிலாக இருக்கலாம். 'செட்டிங்ஸ்' பகுதிக்குள் போய்ப் பாருங்கள்.

* விண்டோஸ்-10-க்கான வழக்கமான இலவச அப்டேட் 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு முடிந்துவிட்டது. இன்னும் அதை வைத்திருப்பவர்கள், நீட்டிப்புத் திட்டத்தில் சேர முடியுமா, புதியதற்கு மாற முடியுமா என்று விவரம் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

அப்டேட் போட்டுக் கம்ப்யூட்டர் நின்றால் ஒரு நாள் வேலை கெடும். போடாமல் விட்டுத் திருடன் நுழைந்தால், பத்து வருடம் சேர்த்தது ஒரு நிமிடத்தில் போகும். வெள்ளம் வருமுன் அணை போடுங்கள்!