ஷூவின் அடியில் ஒரு சமையல்!

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஷூவைக் கழற்றி மூலையில் வீசுகிறீர்களா? இன்று ஒரு நிமிடம் அதைத் திருப்பி, அடியில் இருக்கும் சோலைப் பாருங்கள். கோடு, கட்டம், வளைவு என்று ஏதாவது வடிவம் இருக்கும். ஓரத்தை விரலால் தடவினால் மெல்லிய வரப்பு போல ஒன்று தட்டுப்படலாம். அது எப்படி வந்தது?

சில ஷூக்களுக்குப் பிளாஸ்டிக் சோல் உண்டு. நாம் பார்க்கப்போவது ரப்பர் சோல்.

கன்னியாகுமரி மாவட்டத்துக்குப் போனால் ரப்பர் மரங்களைப் பார்க்கலாம். பட்டையைச் சீவினால் பால் வடியும். அதில் கொஞ்சம் அமிலம் சேர்த்தால் தயிர் போல உறையும். அதை அழுத்தித் தகடாக்கி, புகையில் உலர்த்துவார்கள். சரி, அந்தத் தகட்டை அப்படியே வெட்டி ஷூவில் ஒட்டினால் என்ன?

வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைத்துவிடும்! 1830-களில் அமெரிக்காவில் விற்ற ரப்பர் காலணிகளுக்கு இந்தக் கதிதான் நேர்ந்தது.

இதற்கு வழி தேடியே கடனாளி ஆனவர் சார்லஸ் குட்இயர். கடனுக்காகச் சிறைக்கும் போனார் மனிதர்! 1839-ஆம் ஆண்டு, அவர் கந்தகம் கலந்து வைத்திருந்த ரப்பர் தவறிப்போய்ச் சூடான அடுப்பில் பட்டதாம். உருகி ஓட வேண்டிய ரப்பர், தோல் போலக் கெட்டியாகி நின்றது. ரப்பரின் மூலக்கூறுகள் நீளநீளமான நூல் போன்றவை. ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும். சூட்டில் கந்தகம் அவற்றுக்கு இடையே முடிச்சுப் போட்டுவிடுகிறது. இதற்கு 'வல்கனைசேஷன்' என்று பெயர்.

சோல் தொழிற்சாலையில் நடப்பதும் இதே சமையல்தான். இயற்கை ரப்பரோடு செயற்கை ரப்பரையும் சேர்த்து, பெரிய இயந்திரத்தில் மாவு போலப் பிசைவார்கள். 'கார்பன் பிளாக்' என்ற கரித்தூளும் சேரும். கறுப்பு நிறத்துக்காக மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். சோல் சீக்கிரம் தேயாமல் காப்பது அதுதான். வெள்ளை சோல் என்றால் கரித்தூளுக்குப் பதில் சிலிக்கா.

கந்தகத்தை மட்டும் கடைசியில்தான் போடுவார்கள். ஏன் தெரியுமா? பிசையும்போதே ரப்பர் சூடாகிவிடும். முன்னாடியே கந்தகம் போட்டால், அச்சுக்குப் போகும் முன்பே வெந்து கெட்டியாகி, மொத்தக் கலவையும் வீணாகிவிடும்!

அடுத்து, சுழலும் இரண்டு இரும்பு உருளைகளுக்கு நடுவே கலவையை விட்டுத் தகடாக்குவார்கள். இங்கே கை சிக்கினால் பேராபத்து. அதனால் இயந்திரத்தைச் சட்டென்று நிறுத்தும் கம்பி ஒன்று பக்கத்திலேயே இருக்கும்.

தகட்டை வெட்டி, எடை போட்டு, இரும்பு அச்சில் வைத்து அழுத்துவார்கள். சூடு சுமார் 150 டிகிரி செல்சியஸ். நேரம் சில நிமிடங்கள். குறைந்தால் சோல் கொழகொழவென்று இருக்கும். ரொம்பக் கூடினால் வலு போய்விடும். முடிச்சு விழுந்த ரப்பரை, பிளாஸ்டிக் போல உருக்கி மறுபடி வார்க்கவும் முடியாது. அதனால் கடிகாரத்தில் ஒரு கண் இருந்தே ஆக வேண்டும்.

சோலின் கோடுகளும் கட்டங்களும் அச்சில் செதுக்கியவைதான். அவை அழகுக்காக என்று நினைத்தீர்களா? 1935-இல் ஆல்ப்ஸ் மலையில் ஏறிய இத்தாலியர் விட்டாலே பிரமானியின் நண்பர்கள் 6 பேர் இறந்துபோனார்கள். மலைக்கு ஏற்ற காலணி இல்லாததும் ஒரு காரணம் என்று நினைத்தார் அவர். பாறையையும் பனியையும் பற்றிக்கொள்ளும்படி ஆழமான பள்ளங்களோடு 1937-இல் ரப்பர் சோல் செய்தார். 1954-இல் கே-2 சிகரத்தை முதன்முதலில் தொட்ட இத்தாலியக் குழு அணிந்தது அவருடைய சோலைத்தான்!

அந்த வரப்பு? அச்சின் இரண்டு பாதிகளும் மூடும் இடத்தில் கொஞ்சம் ரப்பர் வெளியே பிதுங்கும். சோல் ஆறியதும் ஒருவர் அதைக் கத்தரித்து எடுப்பார். அவர் கத்தரித்தது போக மிச்சம்தான் உங்கள் விரலில் தட்டுப்பட்டது.