கூண்டுக்குள் பதினைந்து நிமிடம்

குத்து, உதை, மல்யுத்தப் பிடி மூன்றும் ஒரே களத்தில் கலக்கும் விளையாட்டு, கலப்புத் தற்காப்புக் கலை. ஆங்கிலச் சுருக்கத்தில் எம்.எம்.ஏ. எண்கோணக் கம்பிவலைக் கூண்டுக்குள், ஐந்து நிமிடச் சுற்றுகள் மூன்று. பட்டப் போட்டி என்றால் ஐந்து சுற்று.

உத்தராகண்டைச் சேர்ந்த அன்ஷுல் ஜூப்லி ராணுவ அதிகாரியாக நினைத்தவர். பிறகு டெல்லிக்கு வந்து முழுநேரப் பயிற்சியில் இறங்கினார். 2023 பிப்ரவரியில் இந்தோனேசியாவின் ஜெக்கா சராகியை இரண்டாவது சுற்றில் வீழ்த்தி, எம்.எம்.ஏ. போட்டிகளை நடத்தும் யு.எஃப்.சி. நிறுவனத்தின் ஒப்பந்தம் பெற்றார். அதுவரை தோல்வியே அறியாதவர். அதே ஆண்டு அக்டோபரில் அபுதாபியில் மைக் பிரீடனிடம் மூன்றாவது சுற்றில் வீழ்ந்தார். 2025 பிப்ரவரியில், சிட்னியில் நடந்த அடுத்த போட்டி 19 விநாடிகளில் முடிந்தது. பல மாதப் பயிற்சிக்கு அவ்வளவுதான் நேரம்!

இந்த வீரர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. கூண்டில் இறங்கினால் ஒரு தொகை; பல ஒப்பந்தங்களில், வென்றால் இன்னொரு தொகை. ஜூப்லியின் லைட்வெயிட் பிரிவுக்கு உச்ச எடை 155 பவுண்டு, ஏறத்தாழ 70 கிலோ. எடை பார்ப்பது போட்டிக்கு முதல் நாள். அதற்காகத் தண்ணீரைக் குறைத்து, வியர்வையாகவே சில கிலோவை இறக்குவார்கள். தராசை விட்டு இறங்கியதும் முதல் வேலை, தண்ணீர் குடிப்பது.

பெண்களில், முசாஃபர்நகர் மாவட்டத்தின் பூஜா தோமர் 2024 ஜூனில் யு.எஃப்.சி.யில் வென்ற முதல் இந்தியப் பெண்ணானார். மூன்று நடுவர்களில் இருவர் அவர் பக்கம் நின்றார்கள்.