படிவத்தில் ரெண்டு இங்கிலீசு எதற்கு?



போன மாதம் ஒரு நாள் அந்திக் கொழுந்து நிறுத்து முடிந்த பிறகு ஒரு அம்மா, மடித்து வைத்திருந்த தாள் ஒன்றை என்னிடம் நீட்டினாங்க. மகள் ஒன்பதாம் தரம் படிக்கிற பிள்ளை. பத்தாம் தரத்துக்கு என்ன என்ன பாடம் எடுப்பது என்று வீட்டில் கேட்டு, கையெழுத்து வாங்கி வரச் சொல்லிக் கொடுத்த படிவம் அது.

“ஐயா, இதுல இங்கிலீசு ரெண்டு எடத்துல இருக்குதாம். ஒண்ணு படிச்சா போதாதா? பிள்ள ரெண்டும் வேணும்னு அழுவுது. அவுங்க அப்பா, டவுண் பிள்ளைங்க படிக்கிறது நமக்கு எதுக்குன்னு சொல்றாரு.”

இந்தப் பேச்சு பல லயங்களில் நடப்பதுதான். அதனால் எல்லாருக்குமாக எழுதுகிறேன்.

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு ஒன்பது பாடங்கள். சமயம், தமிழ், கணிதம், விஞ்ஞானம், வரலாறு, ஆங்கிலம் என்ற ஆறும் எல்லாருக்கும் உண்டு. மிச்சம் மூன்றையும் மூன்று தொகுதிகளில் இருந்து ஒவ்வொன்றாகத் தெரிவு செய்ய வேண்டும். சித்திரம், சங்கீதம், நடனம், நாடகம் எல்லாம் இருக்கிற தொகுதியில்தான் ஆங்கில இலக்கியமும் இருக்கிறது. அதை எடுத்தால் நடனம் கிடையாது. நடனத்தை எடுத்தால் அது கிடையாது. இதைப் பிள்ளையோடு உட்கார்ந்து பேச வேண்டும். ஆட்டத்திலேயே உயிராக இருக்கிற பிள்ளையை வம்பாக இழுத்து இலக்கியத்தில் விடாதீங்க.

முதல் இங்கிலீசில் கடிதம் எழுதுவது, அறிவித்தல் எழுதுவது, ஒரு பந்தியை வாசித்து விடை சொல்வது போன்ற வேலைகள் வரும். ரெண்டாவது இங்கிலீசு வேறு. அதில் கவிதை, சிறுகதை, நாடகம், நாவல் படிக்க வேண்டும். இந்த ஆள் ஏன் இப்படி நடந்து கொண்டான், இந்த வரியில் கவிஞர் என்ன சொல்ல வருகிறார் என்று கேட்பார்கள். பதிலை இங்கிலீசில், சொந்தமாக எழுத வேண்டும்.

சரி, இந்தப் பாடம் டவுண் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதா? 2015 முதல் நடந்த பாடத்திட்டத்தில் யஸ்மின் குணரத்ன எழுதிய ஒரு கவிதை இருக்கிறது. 1983 ஜூலைக் கலவரத்தைப் பற்றியது. அந்த நாட்களில் தேயிலைக்குள்ளும் காட்டுக்குள்ளும் ஒளிந்திருந்த கதை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் இருக்கலாம். அதே பாடத்திட்டத்தில் ஆர்.கே. நாராயண் 1967இல் வெளியிட்ட ஒரு நாவலும் உண்டு. மிட்டாய்க் கடை வைத்திருக்கும் ஜெகன், தாய் இல்லாத மகனை ஆசையாக வளர்க்கிறார். மகன் அமெரிக்கா போய்த் திரும்பி வந்து, கதை எழுதுகிற மெசின் செய்ய அப்பாவிடம் காசு கேட்கிறான். ஒரே வீட்டில் இருந்தும் ரெண்டு பேருக்கும் பேச்சு சரியாக வருவதில்லை. கொழும்புக்கு வேலைக்குப் போன பிள்ளை தீபாவளிக்கு வந்து நிற்கிற வீட்டுக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம்ம சி.வி. வேலுப்பிள்ளை தோட்டத்தில் பிறந்தவர். 1947இல் தலவாக்கலையில் இருந்து பாராளுமன்றம் போனவர். தோட்டத்து ஆட்களின் பாட்டை இங்கிலீசிலேயே கவிதையாகவும் கட்டுரையாகவும் எழுதினார். துரைமார் தங்கள் பாஷையிலேயே அதை வாசிக்க முடிந்தது.

என் சங்கதியைச் சொன்னால் சிரிப்பீர்கள். நான் சாதாரண தரத்தில் இங்கிலீசில் ‘எஸ்’ எடுத்தவன். லீவு கடிதம் பாடமாக இருந்தது. முதல் வேலைக்கு நேர்முகம் போன இடத்தில் ஒரு கடிதத்தைக் கொடுத்து, எழுதினவருக்குக் கோபமா, கேலியா என்று கேட்டார்கள். ஒவ்வொரு சொல்லும் தெரிந்தது. கோபமா கேலியா என்பது மட்டும் தெரியவில்லை. வேலை கிடைக்கவில்லை. எழுதினவர் மனதைப் பிடிக்கிற பழக்கத்தைத்தான் இந்த இலக்கியப் பாடம் கொடுக்கிறது.

ஆனால் சில விசயம் பார்த்துக் கொள்ளுங்கள். பாடசாலையில் அதைப் படிப்பிக்க ஆசிரியர் இருக்கிறாரா என்று அதிபரிடம் நேரில் கேளுங்கள். ஆள் இல்லாத பாடத்தைப் படிவத்தில் எழுதிப் பிரயோசனம் இல்லை. டியூசன் நோட்ஸை மனப்பாடம் செய்து எழுதலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டாலே பிள்ளை தடுமாறிப் போகும்.

பிற்காலத்தில் உயர்தரத்தில் ஆங்கிலத்தை ஒரு பாடமாக எடுக்க நினைக்கும் பிள்ளைக்கு இது நல்ல படிக்கட்டு. அங்கிருந்து பல்கலைக்கழகம் போகலாம், இல்லாவிட்டால் கொட்டகலை பத்தனையில் இருக்கிற ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி போன்ற இடத்துக்கு விண்ணப்பிக்கலாம். நம்ம பக்கத்துப் பாடசாலைகளில் இங்கிலீசு டீச்சர் இல்லாத குறை உங்களுக்கே தெரியும்.

எழுத்துத் தெரியாத நாங்க எப்படி உதவுவது என்று கேட்காதீங்க. ராத்திரி ரொட்டி சுடும்போது, இன்றைக்குப் படித்த கதையைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். “அவன் ஏன் அப்படிச் செஞ்சான்?” என்று குறுக்கே கேளுங்கள். பரீட்சையிலும் அந்தக் கேள்விதான் வரும்.

அந்த அம்மா வீட்டுக்குப் போய், புருசனோடு ரெண்டு நாள் பேசியிருக்காங்க. மூன்றாம் நாள் அவரே படிவத்தோடு ஆபீசுக்கு வந்தார். கையெழுத்து எந்த இடத்தில் போடுவது என்று கேட்டார்.